அந்தக் குரல் என்னுடையது

ரெங்கா, கடிதம் என்றதும் பதறாதே. அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஐந்து மாதமாக நீ என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய். உன் மகள் பேச்சுப் பழகும் வயதில் இருக்கிறாள், புனேயில் அவள் காதில் இந்தியும் மராத்தியும்தான் விழுகின்றன, தாத்தா நம் பாஷையில் தினமும் நாலு வார்த்தை பேசிப் பதிந்து அனுப்பினால் அவளுக்குப் போட்டுக் காட்டலாம் என்றாய். முதலில் தொண்டை சரியில்லை என்றேன். பிறகு போன் ரிப்பேர் என்றேன். அதே போனில் உன்னோடு பேசிக்கொண்டே ரிப்பேர் என்று சொன்னேன், நீயும் கண்டுபிடித்துவிட்டாய். போன வாரம், "ஊருக்கெல்லாம் பேசி அனுப்புவீக, பேத்திக்குன்னா மட்டும் வாய் வராதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நீ தெரிந்து சொல்லவில்லை. ஆனால் சரியான இடத்தில்தான் பட்டது.

இந்த விஷயத்தைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தால், நீயும் நானும் தமிழில் பேசிக்கொண்டதே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ் என்றே பழகிவிட்டோம். நம் பாஷையை எழுத எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, என் அப்பாவுக்கும் தெரியாது. ஆகையால் அம்மாவும் சீனி மாமாவும் தெலுங்கில் பேசியதைக்கூட நம் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். கொஞ்சம் அந்நியமாகத் தெரியும். பொறுத்துக்கொள்.

அந்தப் போனை நீ வாங்கிக் கொடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்த சமயம். மைக் படத்தை அமுக்கிப் பிடி, பேசு, விடு என்று மூன்றே சொல்லில் சொல்லிக் கொடுத்தாய். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பந்தல்குடிக்கு அந்தப் பக்கம் வரை, சிதறிக் கிடக்கிற நம் தெலுங்கு வீடுகளில் அறுபது வயதைத் தாண்டியவர்களை மட்டும் சேர்த்து ஒரு குரூப்பும் போட்டுக் கொடுத்தாய். அது எங்களுக்கு என்னவாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. எங்கள் வயதுக்காரர்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரமாகும். கண்ணும் மங்கல். தெலுங்கோ வாயில் மட்டும்தான் இருந்தது. ஆள் நேரில் வந்தால் உண்டு, போனால் இல்லை. அப்படிப்பட்ட பாஷை முதல் தடவையாக ஆள் இல்லாமலே ஊர் விட்டு ஊர் போனது. பருத்தியில் பூச்சி விழுந்தது, மருமகள் கோபித்துக்கொண்டு போனது, மூட்டு வலிக்கு எந்த எண்ணெய், யார் வீட்டில் சாவு என்று காலை ஐந்து மணிக்கே குரல்கள் வந்து விழும். பல் இல்லாத ஒருவர் தினமும் ஒரு கெட்ட ஜோக்கு சொல்வார். உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டே கேட்டு முடிப்பாள். இதையெல்லாம் எழுதுவது, நீ செய்தது தப்பில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. போனை வாங்கிக் கொடுத்தது நீ. அதில் பேசியது நான்.

என் குரலைப் பற்றி உனக்குத் தெரியும். கோயில் பொங்கலுக்கு மைக் பிடிப்பது நான். கல்யாண வீட்டில் பந்திக்கு அழைப்பது, மொய் வாசிப்பது, சாவு விழுந்தால் கேதத்துக்கு ஆள் சொல்லிவிடுவது, எல்லாம் நான். நான் சொன்னால் ஜனம் நம்பும். அந்தக் குரூப்பில் என் குரல் வந்துவிட்டால் மற்றவர்கள் பேசுவதை நிறுத்திக் கேட்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, ரெங்கா. வயசான காலத்தில், நிலமும் சரியாக விளையாமல், பிள்ளையும் தூரத்தில் இருக்க, நான் பேசினால் அறுபது எழுபது பேர் கேட்கிறார்கள் என்பது சாப்பாட்டைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தச் செய்தி எனக்கு வந்தது ஒரு வீடியோவாக. பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, எச்சரிக்கையாக இருங்கள் என்று தமிழில் எழுதி, எங்கோ ஒரு ஊரில் யாரையோ கட்டிவைத்திருந்த படத்தையும் போட்டிருந்தார்கள். எந்த ஊர், யார் எடுத்தது, ஒன்றும் இல்லை. நான் மூன்று தடவை பார்த்தேன். குரூப்பில் உள்ளவர்களுக்கு இதைப் படிக்கத் தெரியாதே, நாம் பேசி அனுப்புவோம் என்று மைக்கை அமுக்கினேன். முதலில் நம் பாஷையில், பிறகு அதையே தமிழிலும் பேசினேன், பக்கத்து வீட்டுத் தமிழ் ஆட்களுக்கும் போட்டுக் காட்டட்டும் என்று.

அத்தோடு நின்றிருந்தால்கூட வேறு. இரண்டு விஷயத்தை நானாகச் சேர்த்தேன். எங்கோ நடந்தது என்றால் யாரும் அசைய மாட்டார்கள் என்று, "நம்ம பக்கத்துலயே ரெண்டு பிள்ளைகளத் தூக்கிட்டானுக" என்றேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. இன்னொன்று இதைவிட மோசம். நம் ஆட்களின் குணம் எனக்குத் தெரியும். வெளியூர்க்காரன் ஒருவன் வாசலில் நின்று தெலுங்கில் தண்ணீர் கேட்டால் போதும், உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டுவிடுவார்கள். அதை நினைத்து, "அவனுக தெலுங்கும் பேசுவானுக. நம்ம பாஷை பேசுறானேன்னு நம்பிராதீக" என்று கடைசியில் சேர்த்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வாக்கியம் முழுக்க முழுக்க நான் உண்டாக்கியது. பேசி முடித்து, ஒரு தடவை போட்டுக் கேட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அனுப்பினேன். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. என்றாலும் இதைச் சொல்கிறேன். ஒரு செய்தி உன் கைக்கு வந்தால் அதில் உன் சொந்தச் சொல்லாக ஒன்றைக்கூடச் சேர்க்காதே. நல்லெண்ணத்தில் சேர்க்கிறோம் என்று தோன்றும்போது இன்னும் பயப்படு.

எட்டு நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும், மக்காச்சோளத்துக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தேன். சீனி மாமா கூப்பிட்டான். உன் அம்மாவுக்கு அவன் எவ்வளவு செல்லத் தம்பி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு வாங்கப் பேசினான். "பாவா, நீங்க சொன்ன ஆளு மாட்டிக்கிட்டான்! எங்க ஊருலதான். தெலுங்குதான் பேசுறான், வேற ஒண்ணும் வரல. நீங்க சொன்னது அப்படியே சரியா இருக்கு, பாவா." அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்டபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்க மாட்டேன். வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

பந்தல்குடியைத் தாண்டி, தூத்துக்குடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஊர் அது. ரோட்டோரம் ஆந்திரா நம்பர் போட்ட லோடு லாரி ஒன்று ஆக்ஸில் உடைந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டேதான் திரும்பினேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. ஊருக்குள் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் கூட்டம். கரண்டுக் கம்பத்தில் ஒரு ஆளைக் கட்டியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். சட்டை கிழிந்து, ஒரு பக்கம் கண்ணே தெரியாமல் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் யாரோ, "வழி விடுங்கப்பா, இவுகதான் அன்னைக்குப் பேசி அனுப்புனவுக" என்றார்கள். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. கல்யாண வீட்டில் விடுவது மாதிரி.

கிட்டப் போய்த்தான் அவன் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று கேட்டேன். லாரி நிற்கிறது, நான் டிரைவர், பார்ட்ஸ் வாங்க கிளீனர் டவுனுக்குப் போயிருக்கிறான், பால் வாங்க வந்தேன், கடை எங்கே என்று தெருவில் விளையாடிய பாப்பாவிடம் கேட்டேன், எனக்கும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்களில் நம் வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேராவது இருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்குப் புரிந்திருக்கும். யாரும் வாயைத் திறக்கவில்லை. தெலுங்கு பேசுவான், நம்பாதே என்றுதான் நான் சொல்லி வைத்திருந்தேனே.

நான் சீனியிடம் மெதுவாக நம் பாஷையில், "எவ்வளவு நேரமாடா இப்படி?" என்று கேட்டேன். அது கம்பத்தில் இருந்தவன் காதில் விழுந்துவிட்டது. திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைத் தேடிப் பிடித்து, "அய்யா, மீரு தெலுகு வாள்ளா?" என்றான். நீங்கள் தெலுங்குக்காரரா என்று.

நான் பதில் சொல்லவில்லை, ரெங்கா.

ஏன் என்று பல நாள் யோசித்துவிட்டேன். நீ ஆறாவது படிக்கும்போது அருப்புக்கோட்டை பஸ்ஸில் என்னிடம் சத்தமாகத் தெலுங்கில் ஏதோ கேட்டாய். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் உன் தொடையில் கிள்ளி, வெளியே நம் பாஷை பேசாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். நீ இறங்கும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாய். அந்தப் பயம் எனக்குள் எப்போதும் உண்டு. நூறு பேருக்கு நடுவில், பிள்ளை பிடிக்கிறவன் என்று கட்டிவைத்திருப்பவனிடம், ஆமாம், நான் உன் பாஷைக்காரன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அத்தோடு, இவன் சாதாரண லாரி டிரைவர் என்று நான் சொன்னால் நான் பேசி அனுப்பியது பொய் என்று ஆகும். எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சீனியைப் பார்த்தேன். நான் பேசாமல் நின்றதே பதில் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. பின்னாலிருந்து ஒருவன் உருட்டுக் கட்டையோடு வந்து அந்த டிரைவர் தலையில் போட்டான். சத்தம் பெரிதாக இல்லை. அவன் தலை மட்டும் தொங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "லாரி டிரைவருப்பா, விடுங்கப்பா, லாரி ரோட்டுல நிக்குது, நான் பாத்தேன்" என்று கத்தினேன். கயிற்றை நானே அவிழ்த்தேன். அதே ஜனம் ஐந்து நிமிஷத்தில் கலைந்து அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். போலீஸ் வந்தது. மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அவன் பெயர் ஓபுலேசு, கடப்பா பக்கம் ஒரு ஊர். அவ்வப்போது நினைவு வரும்போது டாக்டர் கேட்டதை நான் தெலுங்கில் கேட்டேன், அவன் சொன்னதைத் தமிழில் சொன்னேன். மறுநாள் அவன் மனைவி ஈஸ்வரம்மா வந்து சேர்ந்தாள். அவர்கள் தெலுங்கு வேறு, நம்முடையது வேறு. பாதிக்குப் பாதிதான் ஒட்டும். ஆனாலும், கிளீனர் லாரியோடு போலீஸ் ஸ்டேஷனில் நிற்க, அந்தக் கட்டிடத்தில் அவளுக்குப் புரிகிற வாய் என்னுடையது ஒன்றுதான். மூன்றாம் நாள் காலை அவன் போய்விட்டான் என்று அவளிடம் சொன்னதும் நான்தான். அவள் அழுது ஓய்ந்தபின் என் இரண்டு கையையும் பிடித்து, "எங்க பேச்சுப் பேசுறவரு ஒருத்தராவது பக்கத்துல இருந்தீங்களே, சாமி. அவரு அநாதையாப் போகல" என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மீதிக்கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான்கு பேரைப் பிடித்தார்கள். சீனியும் ஒருவன். மாமா பாவம், சும்மா நின்றவரைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் உனக்குச் சொன்னோம். சீனி கயிறு கொண்டுவந்து கொடுத்தவன். நான் பேசி அனுப்பியதை ஊரெல்லாம் போட்டுக் காட்டியவனும் அவன்தான். போலீஸ் கேட்டபோது என் பெயரை மட்டும் அவன் சொல்லவில்லை. அக்காள் புருஷன் என்ற மரியாதை. குரூப்பில் இருந்தவர்கள் ஆளுக்கு ஆள் அதை அழித்துவிட்டார்கள், யாரும் யாருக்கும் சொல்லாமலே. அறுபது எழுபது கிழவன் கிழவிகள், ஒரு போனை அணைத்து ஆன் பண்ண பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறவர்கள், இதை மட்டும் தாங்களாகவே கற்றுக்கொண்டு அழித்தார்கள். அதன் பிறகு அந்தக் குரூப்பில் குரலே வரவில்லை. ஜோக்குச் சொல்கிறவரும் சொல்லவில்லை.

சீனி உள்ளே இருந்த நாட்களில்தான் நம் சங்கத்துக்காரர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தெரியாத ஊரில் தவித்த குடும்பத்துக்குக் கூடவே இருந்து உதவினார் என்று. நீ அந்தப் போட்டோவை உன் ஆபீஸ் ஆட்களுக்கெல்லாம் அனுப்பி, என் அப்பா என்று எழுதினாயாம். நூற்றுக்கணக்கில் கும்பிடு வந்தது என்று நீ சந்தோஷமாகச் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். மரியாதை வரும்போது அது எதற்காக வருகிறது என்று கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

உன் அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நான் அந்தப் பேச்சைப் பதிந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பல மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி ஜாமீனில் வந்து, நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போன அன்று பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள். "அவன் செஞ்சதுக்கு அவன் உள்ள இருந்துட்டு வந்துட்டான். நீங்க என்ன செஞ்சீக?" என்றாள். "அந்தப் பொம்பள உங்க கையக் கண்ணுல ஒத்திக்கிட்டான்னு நீங்கதான் வந்து சொன்னீக. அந்தக் கைய வச்சுக்கிட்டு எப்படிச் சோறு திங்கிறீக?" அவள் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அன்றிலிருந்துதான் போனில் பேசிப் பதிகிற அந்த மைக்கில் நான் பேசவில்லை. நீ உன் மகளுக்குப் பேசி அனுப்பச் சொன்னது அதற்கு அடுத்த வாரம். இரண்டு தடவை அமுக்கிப் பிடித்தேன். நம் பாஷையில் முதல் சொல் வருவதற்குள் அந்த ஒற்றைக் கண் வந்து நின்றுவிடும்.

போன மாதம் வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வழக்கில் என் பெயரும் சேரும் என்கிறார் வக்கீல். அது சேரட்டும். அதற்குப் பிறகு கடப்பாவுக்கு ரயில் ஏறினேன். அம்மா கூட வருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

அந்த ஊரும் நம் ஊர் மாதிரிதான், ரெங்கா. காய்ந்த பூமி, கருவேலம், ஆடு. சிமெண்டு ஷீட் போட்ட வீடு. ஈஸ்வரம்மா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பாயை விரித்து, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டிலில் ஓபுலேசின் அப்பா உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். இரண்டு காதும் மந்தம். மோரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன். அந்தப் பேச்சைப் பேசி அனுப்பியது நான், தெலுங்கு பேசுகிறவனை நம்பாதே என்று சொன்னது நான், உன் புருஷன் என்னைக் கேட்டபோது பதில் சொல்லாமல் நின்றது நான். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையில் பிடித்திருந்த சொம்பை மட்டும் தரையில் வைத்தாள்.

பெரியவருக்கு ஏதோ நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. "என்ன சொல்றீங்க? என்னன்னு சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தே கேட்டார். நான் சொன்னேன். கேட்கவில்லை. எழுந்து கிட்டப் போய்ச் சத்தமாகச் சொன்னேன். அப்போதும் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "ஆ?" என்றார். சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்ற வெறியில் இருந்தேன். ஈஸ்வரம்மா கையை ஆட்டி ஆட்டி என்னை அமர்த்தப் பார்த்தாள். அதை நான் வேறு விதமாக நினைத்துக்கொண்டேன், என்னை மன்னிக்கப் பார்க்கிறாள் என்று. மூன்றாவது தடவை, கோயில் மைக்கில் பேசுகிற குரலில், ஒரு சொல் விடாமல் கத்தினேன். உங்கள் மகனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லி அடித்துக் கொன்றார்கள், அதற்குக் காரணம் நான் என்று. அந்தக் கிழவருக்குக் கேட்டுவிட்டது. எதிர்வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றது. பக்கத்து வீட்டில் அம்மி சத்தம் நின்றது.

"ஐயோ, என்ன செஞ்சீங்க!" என்றாள் ஈஸ்வரம்மா. "லாரி கவுந்து செத்துட்டாருன்னு சொல்லி வச்சிருக்கோம். இந்தத் தெருவுக்கு, சொந்தக்காரங்களுக்கு, எம் பொண்ணுக்கு, எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கோம். பிள்ளை பிடிக்கிறவன்னு அடிச்சாங்கன்னு தெரிஞ்சா, பிடிச்சிருப்பானோன்னு நாலு பேரு நினைப்பாங்கள்ல? எம் பொண்ணை அப்படிச் சொல்லிக் கூப்பிடுவாங்கள்ல? ஒம்பது வயசு அவளுக்கு. இப்ப பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா."

நான் அவள் காலில் விழப் போனேன். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். பெரியவர் கட்டிலை விட்டு எழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. கதவைக் கைகாட்டி, "உங்க சத்தம் பெருசா இருக்கு. போயிருங்க" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்னது.

அவளே பஸ் ஸ்டாப் வரை வந்தாள். எனக்கு வழி காட்ட வந்தாள் என்று நினைத்தேன். தெருவில் எங்களைப் பார்த்து நின்றவர்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை. ஸ்டாப்பில் நின்றதும், "யாரும் சொல்றதுக்கு முந்தி நானே அவகிட்டச் சொல்லிரணும்" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியாது. பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அவள் வந்த வழியே வீட்டுக்குப் போகவில்லை. ரோட்டைக் கடந்து, பள்ளிக்கூடம் இருக்கும் பக்கமாக, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தாள். கொஞ்ச தூரத்தில் ஓடவே ஆரம்பித்துவிட்டாள்.

வழக்கு விஷயம் வெளியே தெரிந்தால் உனக்கு எங்கிருந்தாவது போன் வரும், ரெங்கா. யார் குரலிலோ வரும், அவர்கள் சேர்த்ததும் அதில் இருக்கும். நடந்தது இவ்வளவுதான். சேர்க்காமல், குறைக்காமல், உனக்கு நானே சொல்லிவிட்டேன்.

உன் அப்பா